பாய்காட் செய்யப்பட்ட வீடு

அப்போது மர்பி டவுனில் குடியிருந்தோம். மில்லில் ஸ்ட்ரைக். நான் நிறைமாத கர்ப்பிணி. பிள்ளைப்பேற்றுச் செலவுக்கு என்ன செய்வதென்று பயந்து என் வீட்டுக்காரர் மட்டும் வேலைக்குப் போனார். சங்கத்துக்காரர் எங்கள் வாசலில் நின்று தெருவுக்கே கேட்கும்படி சொன்னார்:

"இந்த வீட்ட பாய்காட் பண்ணுங்க. பாய்காட்னா என்னா தெரியுமா? அது ஒரு வெள்ளைக்காரன் பேரு. அயர்லாந்துல குடியானவங்கள தொரத்தப் பாத்தான். ஊரே அவங்கிட்ட பேச்ச நிறுத்திடுச்சு."

அன்றிலிருந்து தெருக்குழாயில் என்னைக் கண்டாலே பேச்சு நின்றுவிடும். பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்காவும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் புருஷனும் ஸ்ட்ரைக்கில் இருந்தார். துரைக்குக் கொடுத்த தண்டனை எனக்கு எதற்கு என்று வயிறெரிந்தது.

ஒரு மத்தியானம், தனியாக இருந்தபோது, வலி கண்டது. என் அலறல் கேட்டு ஓடிவந்தவள் செல்லம்மா அக்காதான். வெந்நீர் வைத்தாள், இடுப்பைப் பிடித்துவிட்டாள், பிள்ளையைக் கையில் ஏந்தினாள். ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்னா கொழந்தக்கா?" என்றேன்.

என்னைப் பார்க்கவில்லை. பிள்ளையின் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "பொண்ணா பொறந்திருக்கேன்னு உங்கம்மாகிட்ட சொல்லுடி."

ஸ்ட்ரைக் முடிந்ததும் தெரு பழையபடி பேசியது. எனக்குத்தான் அவளைத் தவிர யாரிடமும் மனசுவிட்டுப் பேச வரவில்லை. இன்றும் பாய்காட் என்ற சொல் காதில் விழுந்தால், அந்த வெள்ளைக்காரன் வீட்டுக்கு ஒரு செல்லம்மா போயிருப்பாளா என்று மனசு கிடந்து அடித்துக்கொள்கிறது.