மயில் கழுத்து நிறத்தில் ஒரு பைப்பு

பதுளை கடைவீதியில் பைப்பு விற்கிறவன் நான். என் கடைக்கு யாரும் சிரித்துக்கொண்டு வருவதில்லை, எங்காவது ஒழுகினால்தான் வருவார்கள். கடை வைத்திருக்கிற உங்களுக்கும் இந்தப் பாடு தெரிந்திருக்கும். லுணுகலை புஷ்பம் கதையைக் கேளுங்கள்.

தூக்கிப் பார்த்தது

புஷ்பம் தேயிலைத் தோட்டத்து லயத்துப் பெண்கள் சிலரைச் சேர்த்துக்கொண்டு ஊறுகாய் போட்டு விற்கிறவள். உப்பும் வினாகிரியும் கலந்த தொட்டிக்குள் ஒரு சுருள் பைப்பு கிடக்கும். அதற்குள் நீராவி ஓடித் தொட்டியைச் சூடாக்கும். எவர்சில்வர் பைப்பை உப்பு அரித்து ஓட்டை போட்டது. மாற்றினாள், அதிலும் ஓட்டை. இன்னொரு முறை ஓட்டை விழுந்தால் தொழிலை மூடிவிட்டு, பிள்ளைகளை விட்டுக் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போக வேண்டியதுதான் என்று அழுதாள். எனக்குப் பொறுக்கவில்லை. உப்புக்கும் புளிப்புக்கும் அசையாதது டைட்டேனியம்தான் என்று சொல்லி, மாதிரிக்கு ஒரு துண்டு வரவழைத்தேன்.

எங்கள் பக்கத்து ஆட்கள் பைப்பைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவார்கள். கனமாக இருந்தால் நல்ல சாமான். டைட்டேனியமோ இரும்பின் கனத்தில் பாதிக்குக் கொஞ்சம் கூட, அவ்வளவுதான். தூக்கிய புஷ்பம் என்னை ஒரு மாதிரி பார்த்தாள்.

"மொதலாளி, எங்க வீட்டு அகப்பையே இத விட கனமா இருக்குமே."

எந்த ஜாதி?

டைட்டேனியம் பைப்பில் இரண்டு ஜாதி. கட்டியைத் துளைத்து இழுத்தது ஒன்று, அதில் ஒட்டே இருக்காது. தகட்டைச் சுருட்டி நெடுக ஒட்டியது மற்றது. முதலாவது பெரிய அழுத்தம் தாங்கும், ஆனால் யானை விலை. புஷ்பத்தின் தொட்டிக்கு நீராவி விடுகிற சின்ன பொயிலருக்கு ஒட்டியதே தாராளம் என்று நாலு பேரிடம் விசாரித்துவிட்டுச் சொன்னேன். வியாபாரியே மலிவானதைக் கை காட்டினால் சந்தோஷப்பட வேண்டாமா? அவள் சந்தேகப்பட்டாள்.

"கொறஞ்ச வெலையக் காட்டுறீங்களே, இதுல என்னங்க கோளாறு?"

வெள்ளிக்கிழமை பூசை

ஒரு வழியாக ஒட்டியதையே வாங்கினாள். புதுப் பைப்புக்கு வெள்ளிக்கிழமை பூசை என்று கூப்பிட்டாள், போனேன். வெல்டிங் வேலை செய்கிற அவள் தம்பி மோகன் பைப்பைச் சுருட்டி, நடுவில் ஒரு மூட்டு போட்டிருந்தான். அந்த மூட்டு மயில் கழுத்து மாதிரி நீலமாக மின்னியது. கதிர்காமத்து முருகனே வந்துவிட்டார் என்று பெண்கள் அதற்குச் சந்தனம் வைத்து, செம்பரத்தம்பூ சாத்திக் கும்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் கிட்டே போய்க் குனிந்து பார்த்தேன். டைட்டேனியத்தில் மூட்டு வெள்ளியாக இருக்க வேண்டும். நீலம் என்றால் சூட்டோடு காற்று பட்டிருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் விரிசல் விடும். எவர்சில்வர் வேலையில் பழகிய மோகன், காற்றுப் படாமல் காக்கிற ஆர்கன் வாயுவை மிச்சம் பிடிக்க, மூட்டு ஆறுமுன்னே அதை மூடியிருக்கிறான். நானும் ஆடிக்கு ஆடி கதிர்காமம் போகிறவன்தான். கும்பிடுகிற கைகளுக்கு முன்னால் இதை எந்த வாயால் சொல்வது? சொல்லித் தொலைத்தேன். மோகன் முகம் செத்துவிட்டது. புஷ்பம் பூவை எடுத்தாள், சந்தனத்தைத் துடைத்தாள்.

"முருகன் கோவிச்சுக்க மாட்டாரு தம்பி, வெட்டு."

குமிழி

மோகன் வெட்டினான். இந்த முறை உள்ளேயும் வெளியேயும் வாயுவை ஓடவிட்டு, மூட்டு நன்றாக ஆறும்வரை கையை எடுக்கவில்லை. வெள்ளியாக வந்தது. நீராவியைத் திறந்ததும் எல்லோரும் தொட்டியைச் சுற்றி நின்று எங்காவது ஒழுகிக் குமிழி கிளம்புகிறதா என்று பார்த்தோம். பெண்கள் கும்பிட்ட சாமியை நான் மனசுக்குள் கெஞ்சிக்கொண்டிருந்தேன். ஒரு குமிழிகூட வரவில்லை.

மழைக்காலம் போய் அடுத்த மழைக்காலமும் வந்துவிட்டது. போன வாரம் புஷ்பம் ஒரு போத்தல் ஊறுகாயோடு கடைக்கு வந்தாள். மறுபடியும் ஓட்டையா என்று கேட்டேன். அவள் சிரித்தாள்.

"கொழும்புக்கு இனி ஊறுகாதான் போகும் மொதலாளி, நா போக மாட்டேன்."

இத்தனை வருஷப் பைப்பு வியாபாரத்தில் நான் கண்ட லாபம், யார் வீட்டுத் தொட்டி ஒழுகினாலும் என் தூக்கம் கெட்டுப்போவதுதான்.