பலகைக்கல்லுக்கு அடியில் கிடந்தவர்

பள்ளிக்கூடத்தில் வரலாறு நடத்துகிறவனுக்குச் சொந்தக்காரர்களிடம் மரியாதை கிடையாது. செத்தவர்களைப் பற்றிப் பேசியே சம்பளம் வாங்குகிறவன் என்று என்னைப் பெரியப்பா சொல்வார். சிலமலைப் பக்கம் உழுத புஞ்சையில் கறுப்பும் சிவப்புமாகப் பானை ஓடு கிடந்தால் பொறுக்கிக்கொண்டு வருவேன். ரொம்பப் பழையது என்று காட்டினால், "அத வச்சு ஒரு உலை கொதிக்குமா?" என்பார். கொதிக்காதுதான்.

அந்த ஐப்பசி மழையில் குரங்கணிக்கு மேலே ஏலத்தோட்டத்தில் மலை சரிந்தது. அங்கே வேலைக்குப் போயிருந்த என் அண்ணன் அதில் போய்விட்டார். கூட இருந்த இருவரின் உடலை மறுநாளே எடுத்தார்கள். அண்ணன் கிடைக்கவில்லை. மண்ணைக் கிளறித் தேடியவர்களும் ஒரு கட்டத்தில் கிளம்பிப் போனார்கள். மதினி மட்டும் தாலியைக் கழற்ற மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். கண்ணால் பார்க்காமல் எப்படிக் கழற்றுவது என்று கேட்டார். நியாயமான கேள்விதான்.

ஆனால் பெரியப்பா மகளுக்குத் தையில் கல்யாணம். பங்காளி வீட்டில் கருமாதி முடியாமல் இவர்கள் முகூர்த்தக்கால் ஊன்ற முடியாது. பெரியப்பாவுக்கு அண்ணன்மேல் பாசம் இல்லையென்று சொல்ல மாட்டேன். கல்யாணத்தின்மேலும் இருந்தது.

கார்த்திகையில் ஜீப்பு ரோட்டில் சரிந்த மண்ணை ஒதுக்கிய ஜேசிபி ஒரு பெரிய பலகைக்கல்லைப் புரட்டியது. அடியில் எலும்பு. தகவல் வந்ததும் நானும் பெரியப்பாவும் போனோம். பார்த்த உடனே எனக்குத் தெரிந்துவிட்டது. நான்கு பக்கமும் கல்லை நிறுத்தி, உள்ளே செத்தவரின் எலும்பை வைத்து, மேலே ஒரு கல்லால் மூடிய பழங்காலத்துக் கல்லறை அது. தோட்டங்களில் வெளியே தெரிகிற மாதிரி நிற்பதை மலையாளத்துச் சொல்லால் முனியறை என்பார்கள். இது மண்ணுக்குள் இருந்தது. மூலையில் கறுப்புச் சிவப்புக் கிண்ணம் ஒன்று நொறுங்கிக் கிடந்தது. ஏலமும் காப்பியும் ரோடும் இல்லாத காலத்தில் யாரோ யாருக்காகவோ அவ்வளவு பெரிய கல்லை அந்த மேட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார்கள். வேறு ஒரு நாளாக இருந்திருந்தால் சந்தோஷத்தில் குதித்திருப்பேன்.

"பெரியப்பா, இது அண்ணன் இல்ல. ரெண்டாயிரம் வருசத்துக்கு முந்துன ஆளு."

"ஒன் பாடத்தப் பள்ளிக்கொடத்துல வச்சுக்க அப்பு."

"ஒரு மாசத்துல எலும்பு இப்பிடியா ஆகும்? தாடையப் பாருங்க, பல்லு பூராம் இருக்கு. அண்ணனுக்குக் கடவாப் பல்லு புடுங்குனதுக்கு நான்தான கூடப் போனேன்."

"பல்லப் பாக்கவா வந்தோம்? கல்லு மேல விழுந்துருக்கு. சதையப் பன்னி தின்னுருக்கும். வெளிய சொன்னீன்னா சோதனைக்குன்னு கொண்டு போயிருவாங்க. அப்பறம் எதப் போட்டு எரிக்கிறது?"

சொல்லிக்கொண்டே துண்டை விரித்து எலும்புகளைப் பொறுக்கினார். கண்ணில் தண்ணீர் வழிந்தது. அழுகிற மனுஷனிடம் எதைப் பேசுவது?

ஆனாலும் வீட்டில் எல்லோர் முன்னாலும் சொன்னேன். மதினி என்னைப் பார்த்தார்.

"நெசமாவா தம்பி?"

"நெசந்தான் மதினி. அது அண்ணன் இல்ல."

அவருடைய அம்மா குறுக்கே வந்தார். "எத்தன நாளைக்கு ஆத்தா வாசலப் பாத்துக்கிட்டே கெடப்ப? இதோட முடிச்சுரு."

அந்தச் சொல்தான் மதினியை உடைத்தது. துண்டோடு எலும்பைக் கட்டிக்கொண்டு அவர் அழுத அழுகை தெருக்கோடி வரை கேட்டது. தலையில் அடித்துக்கொண்டு, தரையில் புரண்டு, குரல் போகும்வரை அழுதார். தாலியை இறக்கினார்கள். எலும்பை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்தார்கள். கல்லறைக் கல்லை உடைத்து ரோட்டோரம் தடுப்புக் கட்டினார்கள். தையில் கல்யாணம் நல்லபடியாக நடந்தது. நான் சாப்பிடாமல் வந்துவிட்டேன். அதைக் கவனிக்கத்தான் ஆளில்லை.

மாசியில் ஓடைத் தண்ணீர் வற்றியது. சரிவுக்கு வெகு கீழே, பாறை இடுக்கில் அண்ணன் இருந்தார். பெல்ட்டையும் இடுப்புத் தாயத்தையும் பார்த்து நான்தான் அடையாளம் சொன்னேன். இந்தத் தடவை போலீஸ் வந்து, எல்லாம் முறைப்படி முடித்து, எங்களிடம் கொடுத்தார்கள்.

பெரியப்பா வீட்டை விட்டு வரவில்லை. "ஒருத்தனுக்கு ரெண்டு தடவ கொள்ளி வச்சா இன்னொரு சாவ இழுத்துட்டு வரும் அப்பு. எம்மக இப்பத்தான் வாழப் போயிருக்கா," என்றார். அவர் வராததால் பங்காளிகளும் வரவில்லை. பறை இல்லை, நீர்மாலை இல்லை. யாரோ ஒருவருக்கு ஊரே கூடிச் செய்தது அத்தனையும் என் அண்ணனுக்கு இல்லை.

குரங்கணி ஆற்றோரம் நானும், தோட்டத்தில் அவரோடு வேலை பார்த்த இரண்டு பேரும், மதினியும் மட்டும். நான் கொள்ளி வைத்தேன். மதினி கையைக் கட்டிக்கொண்டு நெருப்பையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்குப் பயமாக இருந்தது.

"வாய்விட்டு அழுதுருங்க மதினி," என்றேன்.

"வரல தம்பி," என்றார். "இவருக்குன்னு வச்சிருந்தத எல்லாம் அந்த ஆளுக்கு அழுதுட்டேன்."