சாத்தூர் அத்தை வழிச் சொந்தம்

எங்கள் குடும்ப வரலாற்றை அப்பா ஒருநாளும் எழுதி வைத்ததில்லை. எழுதி வைத்தால் பிறகு மாற்ற முடியாதல்லவா? தென்காசியில் பத்திரப் பதிவு ஆபீஸ் கிளார்க் அவர். பழைய பத்திரங்களைப் புரட்டி வில்லங்கம் தேடுவது தொழில். அந்தப் பழக்கத்தில், எதிரே வந்து உட்கார்ந்தவர் யாரானாலும் நாலு தலைமுறை பின்னால் போய், நமக்குச் சொந்தம்தான் என்று நிரூபித்துவிட்டுத்தான் காப்பியைத் தொடுவார்.

இந்தத் திறமைக்கு ஆனி, ஆடியில் நல்ல கிராக்கி. சாரல் விழுந்து குற்றாலத்தில் தண்ணீர் கொட்டுகிறது என்று தெரிந்ததும் மதுரைக்குத் தெற்கே இருந்த அத்தனை பேருக்கும் எங்கள் மேல் பாசம் பொங்கும். மற்ற பத்து மாதமும் இருக்கிறோமா செத்தோமா என்று ஒரு கார்டு வராது. சீசன் வந்தால் எண்ணெய்த் தூக்கும் சீயக்காய்ப் பொட்டலமுமாக வந்து இறங்குவார்கள். காலையில் அருவி, மத்தியானம் அம்மா சமையல், சாயங்காலம் மறுபடி அருவி. வீடு முழுக்கக் கொடி கட்டி ஈரத்துண்டுகள் தொங்கும். போகும்போது அம்மாவிடம், "ஒங்களுக்கென்ன, கொடுத்து வச்சவுக. தெனமும் அருவிக் குளியல்" என்று சொல்லிவிட்டு வேறு போவார்கள்.

அம்மா அருவியில் குளித்ததே இல்லை. கல்யாணமாகிப் பதின்மூன்று வருடம்.

அவள் கோவில்பட்டிக்குக் கிழக்கே கரிசல்காட்டு ஊர்க்காரி. குடத்தோடு கிணற்றடியில் ஊற்று ஊறக் காத்திருந்து வளர்ந்தவள். பெண் பார்க்க வந்தபோது அப்பா வீட்டார் பரம்பரைப் பெருமையை ஒரு மணி நேரம் அளந்தார்களாம். அதில் அவள் காதில் விழுந்தது ஒன்றுதான்: வீட்டிலிருந்து குற்றாலம் மூணே மைல். சம்மதம் என்றுவிட்டாள். கல்யாணமான பங்குனியில் அப்பா அவளை அழைத்துப்போய், சொட்டு நீரில்லாத பாறையைக் காட்டி, "இதான் மெயின் அருவி" என்றார். சொன்னபடி காட்டிவிட்டார், அவரைக் குறை சொல்ல முடியாது. அதன்பிறகு வந்த சீசனெல்லாம் அவளுக்கு அடுப்படியில் கழிந்தது.

எண்பதுகளின் தொடக்கத்தில், எனக்குப் பத்து வயதிருக்கும்போது, புருசன் பெண்டாட்டி, மூன்று பிள்ளைகள் என்று ஒரு குடும்பம் வந்தது.

"பத்திர ஆபீஸ் கிளார்க் அண்ணாச்சி வீடு இதான? சாத்தூர் அத்தை சொல்லிவிட்டா" என்றார் அந்த மனிதர்.

சாத்தூரில் அத்தை இல்லாத குடும்பம் எங்கள் பக்கம் உண்டா? எந்த அத்தை என்றுகூடக் கேட்காமல் அப்பா உடனே வம்சாவளியை ஆரம்பித்துவிட்டார். வந்தவர் மரியாதைக்குத் தலையாட்டினார். ராச்சாப்பாட்டுக்குள் இருவருக்கும் பொதுவாக ஒரு கொள்ளுத்தாத்தா கிடைத்தார். கோயிலுக்கு நிலம் எழுதி வைத்தவராம். அந்த நிலம் எந்தப் பத்திரத்திலும் இல்லை என்பது வேறு விஷயம்.

மூன்றாம் நாள் அடுப்படியில் அந்த அம்மாள் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டே, "போன வாரம் அத்தைதாங்க்கா முறுக்குச் சுட்டுக் குடுத்துவிட்டா" என்றாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். "எங்க சாத்தூர் அத்தை செத்து நாலு வருசம் ஆச்சே."

இரண்டு பேரும் வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். பிறகு அந்த அம்மாளுக்கு முகம் வெளுத்துவிட்டது. "வீடு மாறி வந்துட்டோம் போலருக்கே. இப்பமே கெளம்புதோம்க்கா."

"சாம்பார் கொதிக்குது. பேசாம இருங்க" என்றாள் அம்மா. அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

சொந்தம் இல்லை என்று ஆனபிறகு அந்த அம்மாளுக்கு உட்கார்ந்து சாப்பிடக் கூச்சம். மறுநாள் விடியும் முன்பே எழுந்து, அம்மாவோடு சேர்ந்து புளியோதரை கிளறிக் கட்டினாள். அப்பாவுக்குச் சாப்பாட்டை எடுத்து மூடி வைத்தாள். "பொறப்படுங்கக்கா, குளிக்கப் போவோம்" என்றாள். ஏதோ தினமும் கூப்பிடுகிறவள் மாதிரி. அம்மா அவள் முகத்தையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று மாற்றுச்சேலையை எடுத்துப் பையில் திணித்தாள்.

பெண்கள் பக்கம் நல்ல கூட்டம். அம்மா இடித்துக்கொண்டு உள்ளே போனாள். தண்ணீர் தலையில் விழுந்ததும் ஒரு கூச்சல் போட்டாள், பிறகு சிரித்தாள். அவள் அவ்வளவு சத்தமாகச் சிரித்து நான் கேட்டதே இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அழுகையும் வந்தது. போலீஸ்காரம்மா மூன்று தடவை விசில் ஊதியும் அவள் வெளியே வரவில்லை.

விளக்கு வைக்கிற நேரத்துக்குத் திரும்பினோம். அப்பா வாசலில் நின்றார். லீவு முடிந்து அன்றுதான் ஆபீசுக்கு வந்த இன்னொரு கிளார்க், சாத்தூரிலிருந்து வரவேண்டிய தன் விருந்தாளிகள் வரவே இல்லை என்று புலம்பினாராம். அப்பா அம்மாவைத் தனியே இழுத்து, கொள்ளுத்தாத்தாவைப் பறிகொடுத்த முகத்தோடு கிசுகிசுத்தார்:

"ஏட்டி, இவுக நமக்குச் சொந்தமே இல்லையாம்!"

அம்மா ஈரத்தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னாள்:

"தெரியும். சொந்தமா இருந்தா என்னயக் கூட்டிட்டுப் போயிருப்பாவளா?"