பேரன் வாயருகே போன ஆட்டு மருந்து

மூன்றாம் வகுப்போடு நின்றவன் நான். பத்து ஆட்டை இருநூறாக்கினேன், சங்கரன்கோவிலில் மாடி வீடும் கட்டினேன். ஐந்து வயதாகியும் பேசாத பேரனுக்கு ஆட்டிசம் என்றார்கள். வயிற்றுப் புழுதான் காரணம் என்று செல்போனில் வந்ததை நம்பி, ஆட்டுக்கு ஊற்றும் புழு மருந்தை அவன் வாயருகே கொண்டுபோனேன். மருமகள் பாய்ந்து பிடுங்கினாள்.

“மாமா, இவன் என்ன கிடாக்குட்டியா? இதப் போயி ஊத்துதீயளே!”

அவள் சொல்லித் தெரிந்துகொண்ட டாக்டரும் விடவில்லை. “புழு இருந்தா நாங்களே மாத்திரை தருவோம், அண்ணாச்சி. அதனால ஆட்டிசம் வரும்னு யாரும் நிரூபிக்கல. பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டு வாங்க.”

அன்றிலிருந்து டாக்டரைக் கேட்காமல் எந்த மருந்தையும் தொடுவதில்லை. வாரம் தவறாமல் நானே பயிற்சிக்குக் கூட்டிப்போகிறேன். போன வாரம் என் கையை இழுத்து, “தாத்தா, பஸ்” என்றான்! ஊரே பயிற்சி டீச்சரைப் பாராட்டுகிறது. பாராட்டட்டும். ஆனால் அவன் வாயில் முதலில் வந்தது ‘தாத்தா’. உங்கள் பத்திரிகையில் என் பங்கையும் விடாமல் அச்சிடுங்கள்.