சுண்ணாம்புக்கு அடியில் ஒரு முகம்

எங்கள் மலையூரில் ரொட்டி சுடும் ஒரேஸ்தேயின் மனைவி தெல்ஃபினா. அவர்களுடைய ஒரே மகள் இர்மா ஒன்பது வயதில் ஆற்றோடு போனாள். உடல் கிடைக்கவில்லை. அதன்பிறகு, மாவு பிசையும்போதெல்லாம் மகள் பின்கட்டிலிருந்து கூப்பிடுவது கேட்கிறது என்பாள் தெல்ஃபினா. ஒரேஸ்தே வானொலியைச் சத்தமாக வைப்பான்.

அந்த வருஷம் சான் பியாஜோ தேவாலயத்தின் இடப்பக்கச் சிற்றாலயத்தில் சுவரைச் சுரண்டத் தொடங்கினார்கள். கொள்ளைநோய்க் காலத்தில் பூசிய சுண்ணாம்புக்கு அடியில் பழைய ஓவியம் இருந்தது. முதலில் வெளிவந்தது ஒரு சிறுமியின் முகம். மெழுகுவர்த்தி ஏற்றப் போன தெல்ஃபினா நிமிர்ந்து பார்த்தாள். சற்றே பிரிந்த உதடுகள், புருவத்தில் ஒரு வெட்டு. அப்படியே இர்மா.

தினமும் சூடான ரொட்டி ஒன்றை, சுவரோரம் கட்டியிருந்த சாரத்தின் கீழே வைத்துவிட்டு வருவாள். ஊரில் சிலர் சிரித்தார்கள். சுவரில் வேலை செய்த ஃபுல்வியா என்ற பெண் சிரிக்கவில்லை. அந்த ரொட்டியைத் தொடவும் இல்லை.

தவக்காலத்தில் மிச்சச் சுண்ணாம்பும் உதிர்ந்தது. அது கடைசித் தீர்ப்பு நாளின் ஓவியம். சிறுமி நரகத்துக்குப் போகிறவர்கள் கூட்டத்தில் நின்றாள். அவள் தோளில் மயிர் அடர்ந்த ஒரு கறுப்புக் கை. நகங்கள் சதைக்குள் இறங்கியிருந்தன.

திரும்பப் பூசிவிடும்படி தெல்ஃபினா ஃபுல்வியாவிடம் கெஞ்சினாள்.

"முடியாதும்மா. இது வெறும் படம்."

"உன் பொண்ணா இருந்தா படம்னு சொல்லுவியா?"

வீட்டில் புருஷனை ஒருமுறை வந்து பார்க்கச் சொன்னாள். "என் பொண்ணு ஆத்துல போனா. செவுத்துல இல்ல" என்றான்.

மறுநாள் மதியம், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், சாரத்தில் ஏறி, மாவு வழிக்கும் தகட்டால் அந்தக் கையைச் சுரண்டி எடுத்தாள். நகங்களை மட்டும் விட்டுவிட்டாள். அங்கே சுரண்டினால் பிள்ளைக்கு வலிக்குமாம்.

வழக்கு நடந்தது. சிறைக்கு அனுப்பவில்லை. ஆனால் கையைச் சுரண்டிய அன்றோடு பின்கட்டுக் குரல் நின்றுபோனது. ரொட்டி வாங்கப் போன என்னிடம், "விடுபட்டு ஓடிட்டா போல. எங்க போறேன்னு ஒரு வார்த்தை சொல்லலையே" என்றாள். சில குளிர்காலங்கள் கழித்து இறந்தாள்.

அடக்கம் முடிந்த வாரம் ஒரேஸ்தே என்னைத் துணைக்கு அழைத்துக்கொண்டு அந்தச் சிற்றாலயத்துக்குப் போனான். முகத்தைப் பார்த்தானா, தெரியவில்லை. சாரம் பிரித்துவிட்டிருந்த சுவரின் கீழே வெகுநேரம் அண்ணாந்து நின்றான்.

"எவ்வளவு ஒசரம் ஏறியிருக்கா, பாரு" என்றான்.