நான்கடி உயரம்

சோளிங்கர் மலைமேல் யோகத்தில் வீற்றிருக்கும் நரசிம்மப் பெருமானை நம்பி வாழும் அன்பர்களே, இதை எழுத எனக்கு நாணமாகத்தான் இருக்கிறது. ஆயினும் மறைத்து வைத்தால் நன்றி கொன்றவன் ஆவேன்.

ஆம்பூரில் பாலாற்றுக்கும் கானாற்றுக்கும் இடைப்பட்ட தாழ்வான தெரு எங்களுடையது. ஈராண்டுகளுக்கு முன் வந்த புயலில் மலைகளில் பெய்த மழையெல்லாம் எங்கள் தெருவில் வந்து நின்றது. தோல் பதனிடும் கூடங்களின் நெடி கலந்த நீர். இடுப்பெலும்பு முறிந்து நடக்க இயலாதிருந்த என் துணைவி அமிர்தவல்லி, கட்டில் விளிம்பைத் தொட்ட நீரில் கால் ஊற அரைநாள் கிடந்தாள். அவளைத் தூக்க என் முதிய கைகளுக்கு வலுவில்லை. புண்ணாகிப்போன அவள் பாதங்கள் ஆற மூன்று திங்கள் ஆயின.

அவ்வாண்டுக் கார்த்திகையில் மலையேறினேன். அம்மாதத்தில் பெருமான் கண் திறந்து நோக்குகிறார் என்பது நம் நம்பிக்கையல்லவா? "எங்கள் தெருவில் அவள் கால் நனையாத ஓர் இடம் தா" என்று அழுதேன். வேறெதுவும் கேட்கவில்லை.

மறு கோடையில் எழுந்தது என் வீடன்று, தம்பியின் வீடு.

என் தம்பி தணிகாசலம் காலணித் தொழிற்சாலை ஒன்றில் மேற்பார்வையாளன். தந்தையின் மனையைப் பாதியாகப் பகிர்ந்து அடுத்தடுத்து வீடு கட்டிக்கொண்டோம். அவன் தன் வீட்டின் அடியில் வரிசையாகத் தூக்குப்பொறிகளை வைத்து, சுவரில் கீறல் விழாமல் நான்கடி உயர்த்தினான். தெருவே கூடி வியந்தது. தொடங்குமுன் என்னிடமும் கேட்டான்.

"ரெண்டு வீட்டையும் ஒண்ணாவே தூக்கிடலாம்ணா. ஆளுங்க எப்படியும் வர்றாங்க."

"என் வீட்டை நீ தூக்கி நிறுத்த வேண்டியதில்லை" என்றேன். இளையவன் சொல்லி மூத்தவன் வீடு எழுவதா என்ற எண்ணம்.

அவன் வீடு விரற்கடை விரற்கடையாக உயர்ந்தபோது என் உள்ளம் வெந்தது. காலையில் பல் துலக்குகையில் அதைப் பார்ப்பேன். மாலையில் மீண்டும் பார்ப்பேன். அமிர்தவல்லி சன்னலருகே படுத்தபடி சொன்னாள்: "ஜாக்கி அவங்க வீட்டுக்குத்தானே வெச்சாங்க? உங்க புருவம் எதுக்கு ஏறுது?"

பிள்ளைப் பருவம் முதல் என் நிழலில் நடந்தவன், இப்போது தன் வாயிற்படியில் நின்று பேசினால் நான் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அதைத்தான் தாங்க முடியவில்லை. இரு வீட்டுக்கும் நடுவே ஓர் இடைவழி இருந்தது. பெண்கள் குழம்புக் கிண்ணங்களோடு போய்வரும் வழி. எங்கள் முற்றத்து நீர் வடிவதும் அவ்வழியேதான். அவன் மேட்டிலிருந்து மண் சரிகிறது என்று பொய்க் காரணம் கூறி, இடுப்பளவு செங்கற்சுவர் எழுப்பி அதை அடைத்தேன். தணிகாசலம் தன் பக்கம் விழுந்த செங்கல் துண்டுகளை அள்ளிப் போட்டுவிட்டு உள்ளே போனான். அந்தப் பொறுமையையும் வெறுத்தேன்.

சென்ற கார்த்திகையின் இரண்டாம் ஞாயிறன்று மீண்டும் மலைக்குச் சென்றேன். பெருமானின் திறந்த கண்களுக்கு நேரே நின்று நான் வேண்டியது இது: "அடுத்த வெள்ளத்தில் அவன் வீட்டுக்குள்ளும் தண்ணீர் புகுந்துவிடட்டும்." உலகில் எவரும் கேட்கக் கூடாததைக் கேட்டுவிட்டுப் படியிறங்கினேன்.

அடுத்த வாரமே புயல் வந்தது. ஒரு நாள் விடியலில் கானாறு கரை மீறிற்று. வாயில் வழியே புகுந்த நீர் முற்றத்தை நிறைத்தது, வடிய வழியில்லை. நான் கட்டிய சுவர் அதைத் தேக்கி வீட்டுக்குள் திருப்பியது. கட்டிலின் கால்கள் பாதிக்கு மேல் மூழ்கின. மெத்தைக்கும் நீருக்கும் ஒரு சாண் இடைவெளி.

"தம்பியக் கூப்பிடுங்க" என்றாள் அமிர்தவல்லி.

அவளைப் பார்த்தேன், நீரைப் பார்த்தேன். "பெருமானே, போன வாரம் கேட்டதை மற. இவளைக் காப்பாற்று" என்று சுவரில் தலை வைத்து விம்மினேன்.

அப்போதுதான் கேட்டது, கடப்பாரை விழும் ஓசை. நான் அழைக்கவேயில்லை. தணிகாசலம் சுவருக்கு அப்பால் முழங்காலளவு நீரில் நின்று என் சுவரை இடித்துக்கொண்டிருந்தான்.

"உன் செவுரு செம ஸ்ட்ராங்குண்ணா! ஒரு சொட்டு வெளிய விடல பாரு!"

செங்கல் சரிந்ததும் நீர் பேரிரைச்சலோடு அவ்வழியே பாய்ந்தது. அவனும் அவன் மனைவி சாந்தியும் நெகிழி நாற்காலியோடு உள்ளே வந்தார்கள். "அக்கா, என் தோளைக் கெட்டியா புடிச்சிக்கோ. உன் வூட்டுக்காரரை அப்பறமா திட்டிக்கலாம்" என்றாள் சாந்தி. நாற்காலியில் அமர்த்தி, தோளளவு உயர்த்தி, தம் படியேற்றிக் கூடத்தில் இறக்கினார்கள்.

நான் நனைந்து நடுங்கியபடி பின்னால் ஏறினேன். சாந்தி துவாலையோடு அமிர்தவல்லியின் காலடியில் குனிந்தவள், பாதங்களைத் தொட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"தொடைக்கவே வேணாம். கால் காஞ்சிதான் கீது."

அச்சொல் கேட்டு அங்கேயே அமர்ந்துவிட்டேன். எங்கள் தெருவில் அவள் கால் நனையாத ஓர் இடம். நான் கேட்டது அதுதான். பெருமான் அதைக் கோடையிலேயே, என் கண்ணெதிரே, நான்கடி உயர்த்தித் தந்திருந்தார். தந்ததைப் பார்த்துத்தான் அரையாண்டாகப் புழுங்கினேன்.

தம்பியிடம் எல்லாம் சொன்னேன், மலையில் வேண்டியது உட்பட. "பெருமாள்கிட்ட கூட என் மேல கம்ப்ளெயிண்ட் குடுத்தியா?" என்று சிரித்தவன், சூடான தேநீரை என் கையில் வைத்தான். சிரிக்கையில் அவன் கண் கலங்கியிருந்தது.

அந்தச் சுவரை நான் மீண்டும் கட்டவில்லை. கிண்ணங்கள் போய்வருகின்றன. வரும் கோடையில் என் வீட்டையும் உயர்த்த ஆள் பார்க்கும்படி நானே வாய்விட்டுக் கேட்டிருக்கிறேன். பொறாமை அடியோடு ஒழிந்தது என்று சொன்னால் பொய்யாகும். அவன் படியை அண்ணாந்து பார்க்கையில் இன்றும் சிறிது எரிகிறது. உடனே அமிர்தவல்லியின் உலர்ந்த பாதங்களை எண்ணிக்கொள்கிறேன். தணிந்துவிடுகிறது.

அன்பர்களே, பெருமானிடம் கேளுங்கள். அவர் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார். வேண்டியது இன்னும் வரவில்லையே என்று நெஞ்சு நொந்தால், ஒருமுறை பக்கத்து வீட்டையும் பாருங்கள். அங்கே வந்து இறங்கியிருக்கக்கூடும்.