ஒன்பதும் இருபத்திரண்டும்

பாட்டு தொடங்கிய பிறகு வருகிறவர்கள் செருப்பைக் கண்ட இடத்தில் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே ஓடுவார்கள். வினோலியாவால் அதைப் பார்த்துக்கொண்டு போக முடியாது. சேலைக் கொசுவத்தை ஒரு கையால் ஒதுக்கிப் பிடித்தபடி சர்ச் வாசலில் குனிந்து, இடதையும் வலதையும் தேடிப் பிடித்துச் சோடி சேர்த்து வைத்துவிட்டுத்தான் உள்ளே போவாள். வார் அறுந்து ஊக்கு குத்தியது, குதிகால் ஒரு பக்கமாகத் தேய்ந்தது எல்லாம் அவளுக்கு அடையாளம். "ஒத்தையா கெடந்தா எனக்கு ஜெபம் ஏறாதுப்பா" என்பாள். கணவன் நோயலுக்கு இதில் தீராத கேலி. "கொடியில சாக்ஸ் காயப்போட்டாகூட சோடி பாத்துத்தான் கிளிப்பு போடுவா. என்னைய எப்படிப் புடிச்சான்னுதான் தெரியல."

அவள் பிழைப்பே அதுதான். கோலார் தங்க வயலிலிருந்து விடியும் முன்பே ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகிற கூட்டத்தில் அவளும் ஒருத்தி. அங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் ஆய்வுக்கூடத்தில் குரோமோசோம்களைச் சோடி சேர்க்கிறாள். ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைகளின் இடுப்பெலும்பிலிருந்து உறிஞ்சிய மஜ்ஜை, பச்சை மூடிபோட்ட குழாயில் அவள் மேசைக்கு வரும். அதை இளஞ்சூட்டில் வைத்து வளர்ப்பாள். உயிரணுக்கள் இரண்டாகப் பிரியப் போகிற சமயம் பார்த்து மருந்து விட்டு நிறுத்துவாள். பிறகு ஒரு முழ உயரத்திலிருந்து கண்ணாடித் தகட்டின்மேல் சொட்டவிட்டு, சொட்டு விழுந்த உடனே குனிந்து வாயால் ஹா என்று ஊதுவாள். மூச்சின் ஈரம் பட்டால் குரோமோசோம்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் நன்றாக விரியும். ஈரத்துக்கென்று தனிக் கருவி வாங்கி வைத்தும் ஊதுகிற பழக்கம் அவளை விட்டுப் போகவில்லை.

சாயம் ஏற்றியதும் மைக்ரோஸ்கோப் அறை. விளக்கை அணைத்துவிட்டுத்தான் சில சோதனைகளைப் பார்க்க முடியும். "கேஜ்ல எறங்கறேன், யாரும் கூப்புடாதீங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொள்வாள். சுரங்கத்துக்குள் ஆளை இறக்குகிற கூண்டுக்கு அவள் ஊரில் கேஜ் என்று பேர். பெங்களூர்ப் பெண்களுக்கு முதலில் ஒன்றும் புரியவில்லை. இப்போது பெரிய டாக்டர் வந்து தேடினாலும் "மேடம் கேஜ்ல இருக்காங்க" என்கிறார்கள். அவரும் தலையாட்டிவிட்டுப் போகிறார்.

நல்ல உயிரணுவில் நாற்பத்தாறும் ஒழுங்காகச் சோடி சேர்ந்துவிடும். நோய்கண்ட உயிரணு அப்படி அடங்காது. சில பிள்ளைகளுக்கு எண்ணிக்கை கூடியிருக்கும். அது பெரும்பாலும் மருந்துக்குப் பணிகிற வகை. அப்படி ஒன்று கண்ணில் பட்டால் வினோலியா இருட்டில் தனியாகச் சிரிப்பாள். ஒன்பதாவதின் வாலும் இருபத்திரண்டாவதின் வாலும் முறிந்து, இடம் மாறி ஒட்டிக்கொண்டிருந்தால் எழுந்துபோய் ஒரு தம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு வந்துதான் அடுத்ததைப் பார்ப்பாள். அது பொல்லாத வகை. இப்போது அதற்கென்று மாத்திரை வந்திருக்கிறது, நிறையப் பிள்ளைகள் பிழைக்கிறார்கள். மாத்திரை வருவதற்கு முந்தைய காலத்திலும் அவள் இதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தாள்.

பார்த்ததை வெளியே சொல்லக்கூடாது. டாக்டர் சொல்லும்வரை பெற்றவர்களுக்குக்கூடத் தெரியக்கூடாது. இது மருத்துவமனைச் சட்டம். வினோலியா தன் பங்குக்கு இன்னொன்றும் வைத்திருக்கிறாள். தெரிந்தவர் வீட்டுக் குழாய் வந்துவிட்டால் அந்த வீட்டுப் பக்கமே போகமாட்டாள். அவளுக்கு வாய் அடங்கும், முகம்தான் அடங்காது. அவளுக்குத் தலைக்கனம் என்று ஊரில் பேசுகிறார்கள். பேசட்டும் என்று விட்டுவிட்டாள்.

அண்மையில் ஒரு குழாயின்மேல் ஷெர்வின் என்று எழுதியிருந்தது. வயது ஆறு. தங்க வயலின் ஸ்கெலட்டன் பகுதியில் அவள் குடியிருக்கிற அதே லைனில், சுவரோடு சுவர் ஒட்டிய பழைய சுரங்க வீடுகளின் வரிசையில், இருக்கிற ஆஸ்டினின் மகன். பெங்களூரில் ஒரு கிடங்கில் வேலை பார்க்கிற ஆஸ்டின் அவளுடைய ரயிலில்தான் போகிறான். குழாய் வந்ததிலிருந்து வினோலியா வேறு பெட்டியில் ஏறினாள். வெள்ளிக்கிழமை விடை தெரிந்தது. அன்று இரண்டு தம்ளர் தண்ணீர் குடித்தாள். டாக்டர் திங்கட்கிழமை சொல்வார்.

ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தபோது ஆஸ்டின் மனைவி ஈவ்லின் வழிமறித்தாள். வினோலியா முகத்தைக் கீழே போட்டுக்கொண்டாள்.

"ரிப்போர்ட் கேக்க வரலக்கா. நாளிக்கி டாக்டரே சொல்வாரு. இது வேற. இவரு புள்ளகிட்டயே போவமாட்டேங்கறாரு."

"இன்னா சொல்ற?"

"ஆஸ்பத்திரியிலருந்து வந்ததுலருந்து வெளியதான் சாப்பாடு, வெளியதான் படுக்கை. புள்ளைக்கு வாங்கினு வர்றதகூட ஜன்னல்ல வெச்சிட்டுப் போயிடறாரு. 'அப்பாக்கு எம்மேல கோவமா?'ன்னு கேக்கறான்க்கா. நான் இன்னா சொல்றது?"

காரணத்தையும் ஈவ்லினே சொன்னாள். ஆஸ்டினின் அப்பா சுரங்கத்தில் கல் உடைத்தவர். நுரையீரல் முழுக்கக் கல்தூள் படிந்து, இருமி இருமியே செத்தார். முதல் சுற்று மருந்து ஏற்றி ஷெர்வினை வீட்டுக்கு அனுப்பும்போது, பிள்ளைக்குத் தூசி ஆகவே ஆகாது என்று நர்ஸ் படித்துப் படித்துச் சொன்னாள். குரோமோசோம் சோதனை என்றால் என்னவென்று வார்டில் யாரையோ ஆஸ்டின் கேட்டிருக்கிறான். அப்பா அம்மா பிள்ளைக்குக் கொடுக்கிறது என்று பதில் வந்திருக்கிறது. இரண்டையும் அவனே முடிச்சுப் போட்டுக்கொண்டான். அப்பா நெஞ்சில் இருந்த தூசி தன் ரத்தத்தில் இறங்கி, தன்னிலிருந்து பிள்ளைக்குப் போயிருக்கிறது. தானே அந்தத் தூசி. பிள்ளையிடமிருந்து விலகியிருப்பதுதான் இனிமேல் தான் செய்யக்கூடிய ஒரே நல்ல காரியம்.

நாளைக்கு டாக்டர் பேசி முடித்த பிறகு இவனை யார் இழுத்து உள்ளே கொண்டுவருவது? வினோலியா தன் சட்டத்தை அங்கேயே போட்டுவிட்டு ஈவ்லினோடு நடந்தாள்.

ஆஸ்டின் பின்கட்டில் தண்ணீர் டிரம் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும் எழுந்து, சுவரோடு ஒட்டி நின்றான்.

"இன்னாடா இது? நெஞ்சுல பூந்த தூசி நெஞ்சுலதான் நிக்கும். அது எப்படிடா ரத்தத்துல எறங்கி புள்ளைக்குப் போவும்?"

"குரோமோசோம்னு சொன்னாங்களேக்கா. நாம குடுக்கறதுதான அது?"

"நீ நல்லதாத்தான் குடுத்த. எலும்புக்குள்ள ஒரு செல்லு ரெண்டா பிரியறப்போ தப்பா பிரிஞ்சிடுது. அதுலருந்து கிளம்புற நோய் இது. யாரும் பண்ணதில்ல. உங்கிட்டருந்து வந்துருந்தா ஒடம்பு பூரா இருக்கும், எந்த மருந்துக்கும் போவாது. இது மருந்துக்குப் போவுதுடா. அதே புள்ளைங்க சாம்பிள் மறுபடி என் மேசைக்கு வரும். தேடித் தேடிப் பாப்பேன், கெட்டது ஒண்ணுகூட இருக்காது. என் கண்ணால பாத்துருக்கேன்."

அத்தனையும் உண்மை. சில பிள்ளைகளுக்கு அது போன மாதிரி போய்த் திரும்பி வருவதும் உண்மை. அதை அவள் சொல்லவில்லை.

ஆஸ்டின் தலையை நிமிர்த்தினான். "அப்போ நான் குடுக்கலியா?"

"நீ குடுக்கல."

சுவரிலிருந்து அவன் முதுகு விலகியது. பிறகு, அவள் பயந்த கேள்வி வந்தது. "இவனுக்குப் போயிடுமாக்கா?"

ஒன்பதும் இருபத்திரண்டும் அவள் கண்ணுக்குள் நின்றன. அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இந்தத் தடவை அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

"அத டாக்டர்தான் சொல்லணும். நாளிக்கி அவரு இன்னா சொன்னாலும் புள்ள உன் மடியிலதான் இருக்கணும். கைய நீட்டு."

டிரம்மிலிருந்து சொம்பில் மொண்டு ஊற்றினாள். அவன் சோப்பை எடுத்து முழங்கைவரை தேய்த்தான். அவள் ஊற்ற ஊற்ற, மறுபடி போட்டுத் தேய்த்தான். நக இடுக்குகளைத் தேய்த்தான், விரல் சந்துகளைத் தேய்த்தான். நுரை முழுக்கப் போன பிறகும் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

"அம்மா, அப்பாவா அங்க பேசறது?" என்று உள்ளேயிருந்து ஷெர்வின் குரல் வந்தது.

ஆஸ்டின் மூன்றாம் முறையாகச் சோப்பை எடுத்தான். வினோலியா அதை அவன் கையிலிருந்து பிடுங்கி, தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.